திரையும் சொல்லுரிமையும்

சொல்லுரிமை என்பது வாய்திறக்கும் உரிமை மட்டுமே என மாணாக்கர் பலர் எண்ணுவர். தன்மைக்கு எதிரே முன்னிலை இல்லையேல் உரையாடல் இல்லை என்பதை இலக்கணம் கற்றோர் அறிவர். கேட்போரைப் பிரித்துவிட்டாற் சொல்வோரின் உரிமை என்னாகும்? இதற்குச் சீன நாட்டு விவரணப்படமொன்றைச் சான்றாகக் காட்டுவாம்.

சாய் ஜிங் என்னும் மாது அந்நாட்டு அரச தொலைக்காட்சியிற் செய்தியாளராயிருந்து விலகியவர். கட்டியுடன் பிறந்த தம் மகவுக்குச் சத்திரசிகிச்சை நிகழ்ந்தபின், நகரங்களைக் கவிந்த புகைமூட்டத்தின் காரணங்களை ஆராயப் புகுந்தார். தம் கைப்பொருளைச் செலவிட்டு, 'குவிமாடத்தின் கீழ்' என்ற பொருள்படும் பெயருடைய படத்தை ஆக்கி, 2015 பெப்ரவரி 28 இல் இணையத்திலே வெளியிட்டார். நிலக்கரி, தரங்குறைந்த எரிபொருள், வலிமையற்ற சட்டங்கள் யாவும் அதிற் பேசப்பட்டன. சான்சி மாகாணத்து ஆறு வயதுச் சிறுமியொருத்தியை, விண்மீனைக் கண்டதுண்டா என வினவுகிறார், இல்லை என்கிறாள். வெண்முகிலையும் அவள் கண்டதில்லை. படத்தில் வரும் புள்ளிவிபரங்கள் எல்லாவற்றினும் அவ்விடையே நம் நெஞ்சை உறுத்துவது.

சில நாட்களுள் அப்படம் 10 கோடிக்கு மேற்பட்ட தடவைகள் பார்க்கப்பட்டது. புதிதாய்ப் பதவியேற்ற சுற்றாடல் அமைச்சரே பாராட்டினார். ஆயினும் மார்ச் 6 அளவிற் சீனத்து இணையத்தளங்களினின்றும் அது நீக்கப்பட்டது. வெளியான அன்றன்று, கேட்டார் தொகை பெருகிய பின்பே தடை வந்தமை நோக்குக. பிறநாட்டார் அதனை யூடியூபிற் காணலாம். அத்தளமோ சீனாவில் 2009 முதல் தடுக்கப்பட்டுள்ளது. அவர் முன்னிலைப்படுத்திப் பேசியது அந்நாட்டு மக்களையே.