வளர்ப்புயிரின் இறுதி நாள்களும் இல்லறத்தார் கடமையும்

சிராவகர்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. அதனை உண்கலத்தில் காப்பது நம்மவர்க்குக் கடினமன்று. பிறந்த நாள் முதல் பழகிய ஒழுக்கம் அது. வாயிற்படியில் படுத்திருக்கும் நாயொன்று முதுமையுற்று நோயில் விழும்போதுதான் பலர் தடுமாறுகின்றனர். செங்கற்பட்டு, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில் பக்கங்களில் வாழும் நம் குடும்பங்களில் நாய் வளர்ப்போர் பலர் உளர். நாயின் வாழ்நாள் பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகளே. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்காக வாங்கிய குட்டி, அப்பிள்ளை கல்லூரிக்குச் செல்வதற்குள் கிழமாகிவிடுகிறது.

அந்நாளில் எழும் பெரிய வினா, துடிக்கும் உயிருக்கு மருத்துவரின் ஊசியால் முடிவு தரலாமா என்பது. அதற்கு முன்னரே இன்னொரு வினாவை நம் இளையோர் எழுப்புகின்றனர். பாலையும் விலக்கி ‘வீகன்’ இல்லமாக வாழ முற்பட்டால் நாயின் தட்டில் எதனை இடுவது என்பது அது. எளியதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

வீகன் என்னும் சொல் 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர்தம் நண்பர்களும் தொடங்கிய சங்கத்தோடு பிறந்தது. ஊனோடு பால், முட்டை, தேன், தோல், பட்டு ஆகியவற்றையும் விடுவது அவர்தம் நெறி. இவற்றுள் தேன் நமக்குப் புதிதன்று. கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் நீக்குதல் சிராவகரின் மூலகுணங்களில் அடங்கும். பட்டைப் பற்றிக் காஞ்சிபுரத்துக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு பேசுவது எளிதன்று. திருமண வீட்டில் இப்பேச்சை எடுத்தால் என்ன நேரும் என்பதை வாசகர் அறிவர். பாலே சிக்கலான பொருள்.

மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் ஆயன் ஒருவன் பசுவைக் கறக்கும் சிற்பம் உண்டு. கறக்கும்போதே பசு தன் கன்றை நக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பல்லவர் காலத்துச் சிற்பி கண்ட கறவையில் கன்று தாயின் பக்கத்திலேயே நிற்கிறது. இன்றைய பால் வணிகத்தில் கறவை நீடிக்கப் பசு மீண்டும் மீண்டும் ஈனவேண்டும். பிறப்பனவற்றுள் பாதியளவு காளைக் கன்றுகள். டிராக்டர் வந்தபின் அவற்றுக்கு உழவில் இடமில்லை. இறந்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்துத் தாயின் முன் நிறுத்திக் கறக்கும் வழக்கத்தை நம் தலைமுறையினர் கண்ணால் கண்டவர்கள். ஆகமங்கள் பாலை விலக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் இவற்றை அறிந்து பாலை விடும் பேத்தியை மிகைநெறியாள் என நகைத்தல் தகாது. பால் பருகும் பாட்டியைக் கொலைஞரைப் போல் நோக்குதலும் தகாது. நிலக்கடலையை ஊறவைத்து அரைத்து வடித்த பாலைக் காய்ச்சி ஆற்றி, பச்சைமிளகாய்க் காம்புகள் சிலவற்றை இட்டு வைத்தால் தயிராக உறைகிறது. சற்றே கடலை மணம் இருக்கும். மோர்க்குழம்பில் அது தெரிவதில்லை.

இனி நாயின் தட்டு. நாய் ஊனையே தின்று வாழவேண்டிய உயிரன்று. 2013இல் நேச்சர் இதழில் வெளியான மரபணு ஆய்வு, ஓநாயினும் நாய்க்கு மாச்சத்தைச் செரிக்கும் திறன் மிகுதி என்று காட்டியது. மனிதரோடு வாழ்ந்து மனிதர் இட்டதை உண்டு வந்ததன் விளைவு அது. ஆகவே குழைய வேகவைத்த சோறு, பருப்பு, பூசணி ஆகியவற்றைக்கொண்டு நாயை வளர்த்தல் இயலும். ஆனால் புரதம், சுண்ணாம்புச் சத்து, பி12 முதலியன குறையாதவாறு கால்நடை மருத்துவரைக் கேட்டே அளவை வகுக்கவேண்டும். வெறும் சோறு போதாது. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அவற்றை அடுப்பங்கரையில் சேர்க்காத நம் இல்லங்கள் இவ்வகையில் நாய்க்குத் தாமாகவே நல்ல இல்லங்கள். உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் விழா நாள் பாயசத்தை மட்டும் அதற்கு எட்டாமல் வைத்தல் வேண்டும்.

பூனையின் செய்தி வேறு. டாரின் என்னும் சத்து குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும். இயற்கையில் அச்சத்து பூனைக்கு ஊனிலிருந்தே கிடைக்கிறது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் பூனையொன்று பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களை உயர்த்தித் தவம் புரிய, எலிகள் அதனைச் சூழ்ந்திருக்கின்றன. அச்சிற்பம் முழுவதையும் அஜிதநாதர் புராணத்துச் சகர மன்னர் வரலாறாகக் கண்டு மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் நூலெழுதினார். அருச்சுனன் தவம் என்றோ கங்கையின் இறக்கம் என்றோ கொள்வாரே மிகுதி. பள்ளிச் சுற்றுலாக்களில் மாணவியரை அங்கு அழைத்துச் சென்ற ஆண்டுகளில், அவர்கள் யானைகளையும் விட்டுவிட்டு இப்பூனையைத்தான் சூழ்ந்துகொள்வர். அதன் தவம் எலிக்கு நன்மையாய் முடியாது என்பதைச் சிறுமியரும் உணர்ந்து சிரிப்பர். ஊனை வீட்டினுள் கொணர விரும்பாதோர் பூனையை விலைகொடுத்து வாங்காதிருத்தலே நன்று என்பது நம் கருத்து.

பெரிய வினாவுக்கு வருவோம். இது நம் நாட்டில் ஒருமுறை ஊரறிய விவாதிக்கப்பட்டது. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் கன்றொன்று ஊனமுற்று, புரளவும் இயலாமல் வேதனையில் கிடந்தது. பிழைக்காது என்று மருத்துவர் கைவிட்ட பின்னர், காந்தியடிகள் ஆசிரமத்தாரோடு கலந்து பேசி, நச்சு ஊசியால் அதன் உயிரை முடிக்கச் செய்தார். அதனை மறைக்கவுமில்லை, நவஜீவனிலும் யங் இந்தியாவிலும் தாமே எழுதினார். குஜராத்தில் சமணர் பலர் கொதித்தெழுந்தனர்; சினக் கடிதங்கள் குவிந்தன. அறுவை மருத்துவரின் கத்தி இம்சையாகாதவாறு இதுவும் இம்சையன்று என்பது அவருடைய வாதம். 1912 முதல் பாலை விட்டிருந்தவர் அவர். பின்னர்க் கொடிய நோயில் ஆட்டுப்பாலை ஏற்றபோது, விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளை விட்டேனோ என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டவர். எனவே அவர் சொல்லை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

சட்டமும் இதற்கு இடந்தருகிறது. திருவான்மியூரில் கலாக்ஷேத்திராவை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாய் 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்னும் அளவுக்கு நலிந்த விலங்கை வலியின்றி முடிப்பதற்கு அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு வழி வகுத்துள்ளது.

நம் நூல் கூறுவது யாது? தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், பிரமாதத்தோடு கூடிய செயலால் பிராணனைப் பிரித்தலே இம்சை என்று இலக்கணம் வகுக்கிறது. காந்தியடிகளின் பக்கம் நிற்போர் இதனையே சான்றாகக் காட்டலாம்: இங்குச் சினமில்லை, ஆசையில்லை, இரக்கமே உண்டு, பிரமாதம் எங்கே? வலிய கேள்விதான். ஆனால் பிரமாதத்தின் 15 வகைகளுள் உறக்கமும் அன்புப் பற்றும் எண்ணப்பட்டிருப்பதை நோக்கவேண்டும். பல இரவுகள் விழித்துச் சோர்ந்த ஒருவர், “இதன் துன்பத்தை இனிக் காணப் பொறுக்கவில்லை” என்கிறார். அவ்வூசியால் முடிவுக்கு வருவது எவருடைய துன்பம்? நாயினுடையதா, காண்பவருடையதா? இதனைத் தமக்குள் கேட்டுத் தெளியாமல் எவரும் ஒப்புதல் கையெழுத்திடலாகாது.

சல்லேகனையோடு இதனை ஒப்பிடுவோரும் உளர். 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனைக்கு விதித்த தடையை அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது. அவ்வழக்கின்போது நம்மவர் எடுத்துரைத்ததெல்லாம் அது ஒருவர் தம் அறிவோடு தாமே ஏற்கும் விரதம் என்பதே. பிறர்பொருட்டு அதனை ஏற்க ஒருவர்க்கும் உரிமையில்லை. மனமுடைய ஐம்பொறி விலங்குகள் விரதம் ஏற்கவல்லவை என்பதும் நம் கொள்கையே. மகாவீரரின் முற்பிறவியாகிய சிங்கம், சாரண முனிவர் இருவரின் அறவுரை கேட்டு உணவைத் துறந்து உயிர்நீத்தது என்று புராணம் கூறுகிறது. துறந்தது சிங்கம், முனிவர் அதற்கு அறம் உரைத்ததோடு நின்றனர்.

தமிழர்க்கு இதனினும் அண்மையான சான்று சீவகசிந்தாமணியில் இருக்கிறது. நீர்விளையாட்டு நாளில் அந்தணர்தம் உணவைத் தீண்டிய நாயை அவர்கள் அடித்து வீழ்த்த, குற்றுயிராய்க் கிடந்த அதனைச் சீவகன் காண்கிறான். பிழைக்க வைக்க வழியில்லை. அவன் அதன் அருகிருந்து செவியில் பஞ்சநமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். நாய் இறந்து, சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னாளில் கட்டியங்காரனிடமிருந்து அவனைக் காக்கிறது. மந்திரத்தின் பெருமைக்காகவே இக்கதையைச் சொல்வது வழக்கம். நாம் நோக்கவேண்டியது பிறிதொன்றும் உண்டு. சீவகன் கையில் வலிமை இருந்தது. நாயின் வேதனையை நொடியில் முடித்திருக்கலாம். அவன் அது செய்யவுமில்லை. காணப் பொறாது அகன்று போகவுமில்லை. அருகிருந்தான்.

அருகிருத்தல் என்பது கைகட்டி நிற்பதன்று. வலியைத் தணிக்கும் மருந்து வேறு, உயிரை முடிக்கும் மருந்து வேறு. முன்னதை மறுத்துவிட்டு வினைப்பயன் என்று வாளாவிருத்தல் இரக்கமின்மையாகும். அதனை மருத்துவரிடம் கேட்டுப் பெறவேண்டும். நம் வீட்டு மாத்திரைகளைக் கொடுத்தல் ஆகாது: பாராசிட்டமால் பூனையைக் கொல்லும், ஐபுபுரூஃபன் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். படுத்த பக்கத்தைச் சில மணிக்கொருமுறை மாற்றிவிட்டால் புண் வாராது. ஈ மொய்க்காதவாறு மெல்லிய துணியால் மூடலாம். உண்ண மறுக்கும் உயிரின் வாயில் உணவைத் திணித்தல் வேண்டா. நீரில் நனைத்த துணியால் வாயை ஈரப்படுத்துதல் போதும்.

எம் இல்லத்தில் 13 ஆண்டுகள் வாழ்ந்த மணி சிறுநீரகம் பழுதுற்று 9 நாள்கள் படுத்திருந்தது. மருத்துவர் நாள்தோறும் வந்து வலிக்கும் குமட்டலுக்கும் ஊசியிட்டார். மற்ற ஊசியைப் பற்றியும் அன்போடு எடுத்துரைத்தார், வேண்டா என்றோம். இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் உடனிருந்தோம். மருந்தையும் மீறி இரண்டு இரவுகள் அது முனகியதை மறைக்க விரும்பவில்லை. எம் முடிவு அதற்கு எளிதாயிருந்தது என்று உரைக்கத் துணியோம். ஒன்பதாம் நாள் விடியுமுன், பேரன் செவியருகே மந்திரம் ஓதிக்கொண்டிருக்க, மூச்சு அடங்கியது. வேறு முடிவெடுத்த குடும்பங்களை நாம் அறிவோம். மருந்தாலும் வலி அடங்காத நிலையில், அழுதுகொண்டே ஒப்பினோர் அவர்கள். அவர்கள் இல்லம் சென்று சாத்திரம் பேசுவது நமக்கு அழகன்று.

பிள்ளைகளிடம் பேசுவதில் கவனம் வேண்டும். “மணி தூங்குகிறான்”, “ஊருக்குப் போயிருக்கிறான்” என்று கூறுவோர் மிகப் பலர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, இறந்தது மீண்டு வரும் என்றே எண்ணும் இயல்பினது. தூங்குகிறான் என்று கேட்ட குழந்தை, இரவில் தான் தூங்கவே அஞ்சும். போயிருக்கிறான் என்று கேட்டது, நாள்தோறும் வாயிலைப் பார்த்திருக்கும். “இறந்துவிட்டது, இனி மூச்சு விடாது, அதற்கு இனி வலியும் இல்லை” என்று நேராகச் சொல்லலாம். முன்வினையால்தான் துன்புற்றது என்று அப்போது விளக்கப் புகுதல் வேண்டா. தன் நாய் ஏதோ தவறு செய்தது என்றே குழந்தை கொள்ளும். சீவகன் கதையைக் கதையாகச் சொல்லலாம். “நம் மணியும் தேவனாகுமா?” என்று கேட்டால், அது நமக்குத் தெரியாது என்பதே நேர்மையான விடை.

உடலை ஆழமாக, குறைந்தது 4 அடிக் குழியில் இட்டு, மேலே கனத்த கற்களை அடுக்கவேண்டும். ஊசியால் முடிக்கப்பட்ட உடலாயின் இன்னும் கவனம் தேவை. அம்மருந்து உடலில் தங்கி, தோண்டித் தின்னும் பிற உயிர்களையும் கொல்லவல்லது. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கடலோரத்தில் வாழ்வோர் சிலர் கடற்கரை மணலிலேயே புதைத்துவிடுகின்றனர், அது தகாது. அலையும் தெருநாய்களும் வெளிக்கொணர்ந்துவிடும். மேலும் சனவரி முதல் மார்ச்சு வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி அம்மணலில் முட்டையிடுகின்றன. குஞ்சு வெளிவர ஏறத்தாழ 50 நாள்கள் ஆகும். அங்குக் குழி தோண்டுவோர் எதன்மேல் மண்வெட்டியை இறக்குகிறோம் என்று அறியார். அம்மாதங்களில் வளர்ப்பு நாயைக் கரையில் உலாவ விடுவோரும் கயிற்றை அவிழ்க்கலாகாது. வீட்டில் மிஞ்சிய உணவையும் விரிப்புகளையும் துவைத்துத் தூய்மை செய்து, தெருநாய்களைப் பேணுவோர்க்குக் கொடுக்கலாம். மிஞ்சிய மருந்துகளை மட்டும் மருத்துவரிடமே திருப்பித் தருக.