பில்லைப் பத்திரமா வைப்போம்: கைத்தொலைபேசி வொரண்டி பற்றிய பாடம்



கொழுந்து நிறுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? தராசைப் பார்க்கிறோம். எத்தனை கிலோ எழுதினார்கள் என்றும் பார்க்கிறோம். ஒரு கிலோ குறைந்தாலும் "ஐயா, சரியா பாருங்க" என்று கேட்கிறோம். ஆனால் பல நாள் சம்பளத்தைக் கொடுத்து டவுனில் போன் வாங்கும்போது, கடைக்காரர் தந்த தாளை வாசித்துப் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறோம். இந்த முறை அதைப் பற்றிப் படிப்போம்.

ஓர் உதாரணம்

ஒரு அக்கா, மகளின் படிப்புக்காகச் சீட்டுப் பணத்தில் போன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருட வொரண்டி என்றார்கள். ஐந்தாம் மாதம் சார்ஜ் ஏறவில்லை. கடைக்குப் போனால், "பில் இருக்கா அக்கா?" என்று கேட்கிறார்கள். பில் இருக்கிறது; எழுத்து மங்கிப்போய் வெறும் தாளாக இருக்கிறது. வொரண்டி அட்டையில் திகதியும் இல்லை, கடை முத்திரையும் இல்லை. "எங்க கடையில வாங்கினதுன்னு எப்படி நம்புறது?" என்கிறார் முதலாளி. அக்கா சொல்வது உண்மைதான், ஆனால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் பேரும் போச்சு, பஸ் காசும் போச்சு.

வாங்கும்போது

1. பில் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, நாம் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

2. பில்லில் கடைப் பெயர், திகதி, போனின் மாதிரி, விலை இருக்கிறதா பாருங்கள்.

3. போனில் நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் (*#06#) என்று அழுத்துங்கள். 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. நம்பர் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு நம்பர் வரும். அது பெட்டியிலுள்ள நம்பரோடு ஒத்துப்போக வேண்டும். அதே நம்பரைப் பில்லிலும் வொரண்டி அட்டையிலும் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பில் இந்தப் போனுக்குத்தான் என்று காட்டுவது இந்த நம்பர்தான்.

4. வொரண்டி கம்பனியுடையதா, கடையுடையதா, எத்தனை மாதம், பற்றரிக்கும் சார்ஜருக்கும் உண்டா என்று கேளுங்கள். வாயால் சொன்னதை அட்டையில் எழுதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். தண்ணீர் பட்டதற்கும் விழுந்து உடைந்ததற்கும் பெரும்பாலும் வொரண்டி கிடையாது.

வீட்டுக்கு வந்ததும்

மெஷினில் அடிக்கும் பளபளப்பான பில், வெயிலும் எண்ணெயும் பட்டால் மங்கும். அடுப்புச் சூடு பட்டால் கறுத்துப்போகும். ஆகவே அந்த வாரமே ஒரு போட்டோக் கொப்பி எடுங்கள். படமும் எடுங்கள். ஆனால் படத்தை அதே போனில் மட்டும் வைத்தால், போன் செத்ததும் படமும் போய்விடும். பிள்ளைக்கோ சொந்தக்காரருக்கோ அனுப்பி வையுங்கள். பில், அட்டை, பெட்டி மூன்றையும் ஈ.பி.எஃப். கடிதங்களும் பிறப்புச் சான்றிதழும் வைக்கும் இடத்திலேயே வையுங்கள்.

பில் தொலைந்துவிட்டால்?

மனதை விட்டுவிடாதீர்கள். வாங்கிய திகதியைச் சொல்லி, கடையின் பில் புத்தகத்திலோ கம்ப்யூட்டரிலோ பார்த்து மறுபிரதி தரும்படி கேளுங்கள். தவணைக்கு வாங்கியிருந்தால் தவணை அட்டை, வங்கி அட்டையில் கட்டியிருந்தால் அந்தத் துண்டு, நம்பர் ஒட்டிய பெட்டி ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

திருத்தக் கொடுக்கும்போது

மூலப் பில்லைக் காட்டுங்கள், கொப்பியைக் கொடுங்கள். சிம்மையும் மெமரி கார்ட்டையும் கழற்றி எடுங்கள். போனை ஒப்படைத்ததற்குத் துண்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அதில் திகதி, போன் நம்பர், என்ன பழுது என்பவை இருக்க வேண்டும்.

"அடுத்த கிழமை வாங்க" என்று இழுத்தடித்தால்?

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யலாம். தொலைபேசி 1977. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். பில் கொப்பியை இணைக்க வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று அலைந்தே அந்தக் காலம் போய்விடலாம். அது கடந்திருந்தாலும் 1977க்குப் பேசிப் பாருங்கள். வொரண்டிக் காலம் இருந்தால் கடையிடம் கேட்கும் உரிமையும் இருக்கிறது.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டிலுள்ள போனின் பில் இப்போது எங்கே இருக்கிறது?
2. அதிலுள்ள நம்பரும் போனில் வரும் நம்பரும் ஒன்றா?
3. வாங்கி எத்தனை மாதம் ஆகிறது?

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இதை லயத்திலுள்ள பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். இன்றைக்கே பில்லைத் தேடி எடுத்துப் பாருங்கள். எழுத்து மங்குவதற்கு முன் கொப்பி எடுத்துவிடுவோம்.