சுண்டலும் ஆறாவது குழுவும்

பீகிள் வாங்கலாமா என்று யார் கேட்டாலும், நான் திருப்பிக் கேட்பது அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி. இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவரா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா? குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரா? பீகிள் நாலு தடவை குரைத்துவிட்டு ஓய்கிற ஜாதி இல்லை. மோவாயை வானத்துக்கு உயர்த்தி, வாயைக் குவித்து, சங்கு ஊதுகிற மாதிரி நீளமாக ஒரு குரல் எடுக்கும். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்குக் கூட்டமாக அவிழ்த்துவிடப்பட்ட இனம் இது. புதருக்குள் மறைந்து ஓடும் நாய் எங்கே இருக்கிறது என்று பின்னால் வரும் ஆளுக்குத் தெரிய வேண்டுமே, அதற்கான குரல். நங்கநல்லூரில் இரண்டாவது மாடியில் முயலுக்கு எங்கே போவது? கூரியர்காரர், பால்காரர், எதிர் பால்கனிப் பூனை எல்லாருக்கும் அந்த மரியாதை கிடைத்தது.

எங்கள் பீகிளின் பெயர் சுண்டல். மகள் வைத்தது. காகிதத்தில் அவனுக்கு வேறொரு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

மூக்கும் வயிறும் சேர்ந்ததுதான் பீகிள். லாப்ரடார் வைத்திருப்பவர்கள் சொல்வதைக் கேட்டுத் திறந்தவெளியில் வாரை அவிழ்த்துவிட வேண்டாம். ஒரு வாசனை கிடைத்துவிட்டால் பிறகு நீங்கள் கத்துவது அதன் காதில் ஏறாது. அமெரிக்க வேளாண் துறை 1984-ல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளில் பழமும் இறைச்சியும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க நிறுத்தியது பீகிள்களைத்தான். யாரையும் பயமுறுத்தாத உயரம், சாதுவான முகம், விடாப்பிடியான மூக்கு. அப்படிப்பட்ட மூக்குக்குச் சமையலறை மேல்தட்டு ஒரு பொருட்டா? குப்பைக்கூடைக்குப் பூட்டு வைத்த மூடி வாங்கினோம். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் போடுகிற உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்பதை வீட்டுக்கு வரும் உறவினர் எல்லாரிடமும் சொல்லிவைக்க வேண்டியிருந்தது. வெங்காயமும் சாக்லேட்டும் அதே பட்டியல். "ஒரே ஒரு வாய்தானே" என்பார்கள் பெரியவர்கள். பீகிள் அந்த ஒரு வாயை வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வசூலித்துவிடும். கையால் தடவினால் விலா எலும்புகள் தட்டுப்பட வேண்டும்; தட்டுப்படாவிட்டால் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். தராசைவிட எனக்கு இந்தக் கணக்குதான் உதவியது.

தொங்கும் காதுக்குள் காற்றோட்டம் இருக்காது. சென்னையின் புழுக்கத்தில் அங்கே அழுக்கு சேர்ந்து புளித்த வாடை வரும்; வாராவாரம் மருத்துவர் கொடுத்த திரவத்தை விட்டுத் துடைப்பது பழக்கமாக வேண்டும். அதைவிடப் பெரிய எதிரி உண்ணி. நாய் காரணமில்லாமல் சோர்ந்து, சாப்பாட்டை மறுத்து, ஈறு வெளுத்திருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். அதுவும் பீகிள் சாப்பாட்டை மறுக்கிறது என்றால், அதுவே பாதி நோய்க்குறிப்பு. 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருப்பது சென்னைவாசிகளுக்கு ஒரு வரம். அங்கே வரிசையில் நிற்கிற காலை நேரமே ஒரு பாடசாலை.

டாக் ஷோ பக்கம் நான் போனது என் ஆசையால் இல்லை. குட்டியைக் கொடுத்த அம்மா போட்ட நிபந்தனை அது. கோயம்புத்தூர்ப் பக்கம் பல ஆண்டுகளாக பீகிள் வளர்ப்பவர். பணத்தை வாங்கிக்கொள்வதற்கு முன்னால் சொன்னார்: "தம்பி, வளர்ந்ததும் ஒரு ஷோவுக்காவது கூட்டிட்டு வந்துருங்க. ஜெயிக்க வேண்டாம். என் குட்டி எப்படி வந்திருக்குன்னு நான் பாக்கணும். அடுத்த ஈத்துக்கு எந்த ஆணைச் சேர்க்கிறதுன்னு எனக்கு அப்பத்தான் தெரியும்." டாக் ஷோ எதற்காக நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அது அழகுப் போட்டி மாதிரித் தெரியும். அடிப்படையில், அடுத்த தலைமுறையை ஈனத் தகுந்த நாய் எது என்று பார்க்கிற சோதனை. கருத்தடை செய்த நாய்க்கு அங்கே இடமில்லை என்பதும், ஆண் நாயின் இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று நடுவர் தடவிப் பார்ப்பதும் அதனால்தான்.

காகித வேலைகளைக் குட்டி வாங்கும்போதே முடித்துவிட வேண்டும். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. தாய் தகப்பன் இருவரும் பதிவானவர்களாக இருந்து, வளர்ப்பவர் ஈற்றைப் பதிவு செய்து, குட்டிக்கு மைக்ரோசிப் போட்டு, பிறகு உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். சிப் என்பது அரிசியளவுதான். தோள்களுக்கு நடுவே தோலுக்கு அடியில் போவது. 15 இலக்க எண். 'சர்டிபிகேட் பிறகு வரும்' என்று விற்பவர் சொன்னால் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காகிதமில்லாத நாயும் நல்ல நாய்தான், ஆனால் ரிங்குக்குள் நுழைய முடியாது.

இங்கே கடைப்பிடிக்கப்படுவது எஃப்.சி.ஐ. எனப்படும் சர்வதேச அமைப்பின் இன இலக்கணம். பீகிள் அதில் ஆறாவது குழு, அதாவது வாசனை பிடித்து வேட்டையாடுபவை. பாசெட் ஹவுண்டும், பார்த்தால் சம்பந்தமே தெரியாத டால்மேஷனும் அதே குழு. தோள் உயரம் 33-லிருந்து 40 சென்டிமீட்டர்வரை. அமெரிக்கக் கணக்கு வேறு: அங்கே 13 அங்குலத்துக்குள் ஒரு வகை, 13-லிருந்து 15 அங்குலம்வரை இன்னொரு வகை, அதற்கு மேல் தகுதி இழப்பு. 15 அங்குலம் என்பது 38 சென்டிமீட்டர் சொச்சம். ஆக சென்னையில் கம்பீரமாக நிற்கிற 39 சென்டிமீட்டர் பீகிளுக்கு நியூயார்க்கில் கதவு திறக்காது. அந்த நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சி 1877-லிருந்து நடக்கிறது. அதில் ஒட்டுமொத்தப் பரிசை முதன்முதலில் ஒரு பீகிள் வாங்கியது 2008-ல்தான்: ஊனோ. அரங்கத்திலேயே ஊளையிட்டுக் கூட்டத்தைக் கவர்ந்தவன். 2015-ல் அவனுக்கு உறவுமுறையான மிஸ் பி என்ற பெண் பீகிளும் அதே பரிசை வாங்கினாள். வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரின் புகாராக இருக்கிற குரல் ரிங்கில் ரசிகர்களைச் சேர்க்கும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பயிற்சியில்தான் சுவாரசியம். செல்ல நாய்க்கு எல்லாரும் முதலில் சொல்லிக்கொடுப்பது 'சிட்'. ஷோவுக்குப் போகும் குட்டிக்கு அதை ஒத்திப்போடுங்கள். தின்பண்டத்தைப் பார்த்ததும் பொத்தென்று உட்காரும் பழக்கம் ஊறிவிட்டால், நடுவர் முன்னால் நாலு காலில் நிற்க வைப்பது பெரும்பாடு. முதலில் 'ஸ்டாண்ட்'. முன்னங்கால்கள் நேராக, பின்னங்கால் கணுமூட்டுக்குக் கீழ்ப்பகுதி தரைக்குச் செங்குத்தாக, வால் உயர்ந்து. இதை ஸ்டாக் செய்வது என்பார்கள். பீகிளின் வாலை ஹேண்ட்லர் கையால் நிமிர்த்திப் பிடித்துக் காட்டலாம். வால் நுனி வெள்ளையாக இருக்க வேண்டும், ஆனால் முதுகின் மேல் சுருளக் கூடாது.

சின்ன இனங்களை மேசைமேல் ஏற்றித்தான் நடுவர் பரிசோதிப்பார். மொட்டைமாடியில் ஒரு சிமென்ட் திட்டின் மேல் ரப்பர் பாயை விரித்து அதையே மேசையாக்கினோம். வீட்டு ஆட்கள் தொட்டால் சுண்டல் கண்டுகொள்ளவே மாட்டான். முன்பின் தெரியாத கை வேண்டும். எங்கள் காவலாளி அண்ணன் நடுவரானார். தினமும் மாலையில் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார், தோளைத் தடவுவார், தாடையைப் பிடித்துக் கண்ணை உற்றுப் பார்ப்பார், கடைசியில் மிகுந்த கடுமையோடு, "ம், பரவால்ல" என்பார். இஸ்திரி போடுபவரும் பால்காரரும் துணை நடுவர்கள். பிற்பாடு உண்மையான நடுவர் தொட்டபோது சுண்டல் கொட்டாவி விட்டான்.

ஓட்டம் கடினம். நாய் உங்கள் இடப்பக்கம், நடுவருக்கும் உங்களுக்கும் நடுவில், சீரான துள்ளுநடையில் வர வேண்டும். புல்தரையில் பீகிளின் தலை தானாகக் கீழே போகும். அந்த மைதானத்தில் காலையிலிருந்து நூற்றுக்கணக்கான நாய்கள் நடந்திருக்கும். அதற்கு அது செய்தித்தாள். எங்களுக்குப் பலித்த வழி, விடிந்ததும் போய் மைதானம் முழுவதையும் வயிறார மோந்து பார்க்க விடுவது. வாரைத் தொண்டையின் நடுவில் விடாமல், காதுக்குப் பின்னால் தாடையை ஒட்டி ஏற்றிக் கட்டினால் தலை நிமிர்ந்திருக்கும். வேகவைத்து, லேசாக வறுத்த ஈரலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ரிங்கில் ஒரு துணுக்குகூடக் கீழே விழக் கூடாது. விழுந்தால் அடுத்து ஓடுகிற பீகிள் அந்த இடத்தைத் தாண்டவே தாண்டாது. சிந்தியவர் யாரென்று அந்த வட்டாரம் நெடுநாள் நினைவு வைத்திருக்கும்.

ஒப்பனை அதிகம் வேண்டாம் என்பது பீகிளில் பெரிய நிம்மதி. ஓரிரு நாள் முன்னால் குளிப்பாட்டல், நகம் வெட்டல், ரப்பர் கையுறையால் முடியை நீவுதல், வால் நுனியைச் சற்று சீராக்கல், அவ்வளவே. பக்கத்துக் கூடாரத்தில் பூடில் வைத்திருப்பவர் விடியற்காலையிலிருந்து சீப்பும் ஹேர் டிரையருமாகப் போராடிக்கொண்டிருப்பார். நீங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

போட்டி நாளில் பெரும்பாலான நேரம் காத்திருப்பில்தான் போகும். ஈரத்துண்டு, நிறைய தண்ணீர், நிழல் இவை மூன்றும் கோப்பையைவிட முக்கியம். நம் பக்கம் குளிர் மாதங்களிலேயே பெரும்பாலான ஷோக்கள் நடப்பது நாய்களுக்குச் செய்கிற தர்மம். மே மாதத்தில் போக வேண்டுமென்றால் ஊட்டி இருக்கிறது. வயதுவாரியாக வகுப்புகள் முதலில் நடக்கும். அதில் வென்ற ஆண்களுக்குள், பெண்களுக்குள் சேலஞ்ச் சர்டிபிகேட்டுக்கான மோதல். பிறகு இனத்தில் சிறந்தது, குழுவில் சிறந்தது, கடைசியாக ஒட்டுமொத்தத்தில் சிறந்தது. பீகிளோடு டால்மேஷன் நிற்கும்போது இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று புதியவர்கள் கேட்பார்கள். ஒப்பிடுவது அவற்றை ஒன்றோடொன்று இல்லை. ஒவ்வொன்றும் தன் இன இலக்கணத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. கொள்கையளவில். நடைமுறையில் நடுவருக்கும் விருப்பு வெறுப்பு உண்டு, பெயர்பெற்ற ஹேண்ட்லரின் கையில் நாய் இரண்டு அங்குலம் உயர்ந்து தெரிவதும் உண்டு.

சுண்டல் தன் வகுப்பில் இரண்டாவதாக வந்தான். தீர்ப்பு முடிந்தபின் நடுவர் என்னைக் கூப்பிட்டு, தலையும் கண்ணும் நன்றாக இருக்கின்றன, ஆனால் மேல்கை எலும்பு நேராக இருப்பதால் முன்னங்கால் எட்டிப் போகவில்லை என்றார். எனக்குப் பாதிதான் புரிந்தது. குட்டியைக் கொடுத்த அம்மாவிடம் ஓடினேன். அவர் பக்கத்து ரிங்கில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பீகிளைக் காட்டி, "முன்கால் மூக்குக்கு நேரா நீளுது பாருங்க. நம்மவன் குட்டிக்குட்டியா எட்டு வைக்கிறான். இவன் அப்பன்கிட்டயும் அதே கதைதான். அடுத்த தடவை வேற ரத்தம் சேர்க்கணும்" என்றார். அன்றைக்கு அவருடைய நாயும் தோற்றிருந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அதன் பிறகு தெருவில் போகிற எந்த நாயையும் பார்க்காமல் விட முடிவதில்லை. எங்கள் தெருமுனைக் கருப்பனின் தோள் அமைப்பு சுண்டலுடையதைவிட மேல். இதை மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஷோ உலகில் பொறாமை, அரட்டை, செலவு எல்லாம் உண்டு. நுழைவுக் கட்டணம் சின்னது. பயணமும் தங்குமிடமும் ஹேண்ட்லர் கூலியும்தான் கையைக் கடிக்கும். சொந்த நாயை நீங்களே ஓட்டுங்கள், உடம்புக்கும் நல்லது. பீகிள் ரிங் முடிந்ததும் கிளம்பிவிடாமல் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் வருகிற ரிங்குக்குப் போய் நில்லுங்கள். 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய இனங்களில் ராஜபாளையமும் ஒன்று. அந்த நீளமான கால்களை முழு வேகத்தில் பார்ப்பதற்கே டிக்கெட் வாங்கலாம்.

ஷோவில் ஆர்வமில்லை, பீகிள் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு வேறொரு வாசல் உண்டு. சாதுவான குணத்தாலேயே மருந்து ஆய்வகங்களில் அதிகம் பயன்படுத்தப்படும் நாய் இது. சோதனைக் காலம் முடிந்து விடுவிக்கப்படும் பீகிள்களுக்கு வீடு தேடித்தருபவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். பொறுமை இருந்தால் அவர்களை அணுகலாம்.

குட்டிதான் வேண்டுமென்றால், வாங்குவதற்கு முன் ஒரு ஷோவுக்கு வெறுங்கையோடு போய் ஆறாவது குழு ரிங் ஓரமாக நில்லுங்கள். ரிங்குக்குள் போகப்போகிறவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவருக்கு அப்போது காது கேட்காது. தீர்ப்பு முடிந்து நாய்க்குத் தண்ணீர் காட்டும்போது கேளுங்கள். தாயைப் பார்க்கலாமா? இந்த வழியில் யாருக்காவது வலிப்பு வந்திருக்கிறதா? தைராய்டு? கண்ணோரம் சிவந்து பிதுங்கும் 'செர்ரி ஐ'? போன ஈற்றுக் குட்டிகள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன, அவர்களோடு பேசலாமா? நல்ல வளர்ப்பாளர் இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு உங்களைத் திருப்பிக் கேட்பார்: எத்தனாவது மாடி, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் எப்படி. அப்படிக் கேட்டால் முன்பணம் கொடுக்கலாம்.