தாடை அறுவைக்கு முன் வீட்டில் ஆயத்தம்

மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தாதவர்களுக்குத் தாடை எலும்பை அறுத்து, நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகும் வைத்து முடுக்குகிறார்கள். தண்டவாளத்துக்கு ஃபிஷ் பிளேட் போடுவது போலத்தான். பல்லுக்குக் கம்பி கட்டி வரிசைப்படுத்தவே பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆகவே வீட்டை ஆயத்தம் செய்ய அவகாசம் உண்டு.

என் பேத்திக்குச் செய்தபோது பெரிய வேலை சாப்பாடுதான். முதல் இரண்டு வாரம் நீராகாரம். சுமார் ஆறு வாரம் மெல்லக் கூடாது. மிக்ஸியில் அரைத்தால் மட்டும் போதாது, வடிகட்ட வேண்டும். ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு கம்பியில் சிக்கினாலும் தொல்லை. பருப்புத் தண்ணீர், கேழ்வரகுக் கஞ்சி, மோர் என இரண்டு மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். உறிஞ்சுகுழல் கூடாதென்றார் டாக்டர். குழந்தையில் அவளுக்குப் பால் புகட்டிய பாலாடையே கைகொடுத்தது! கீழுதடு மரத்திருப்பதால் சூடு தெரியாது. ரசத்தை நாம் தொட்டுப் பார்த்தே தர வேண்டும். இந்த மரப்பு சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் அதிகமாகும். பயப்படாமல் தலையணையை உயர்த்திப் போடுங்கள். மருந்துகளைத் திரவமாகவே எழுதித் தரச் சொல்லுங்கள். தாடைகளைச் சேர்த்துக் கட்டியிருந்தால் கத்தரியோ கம்பி வெட்டியோ படுக்கையருகே எப்போதும் இருக்கட்டும். வாந்தி வந்தால் எதை வெட்டுவது என்று வீடு திரும்புமுன் டாக்டரிடமே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

பார்க்க வருபவர்கள் பேச்சுக் கொடுத்து வதைப்பார்கள். ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கி வையுங்கள்.