பாடம் 2: கல்முனை மாநகரமும் அதன் ஊர்களும்



நீங்கள் பிறந்து வளர்ந்த ஊருக்குத்தான் திரும்பி வருகிறீர்கள். அந்த ஊரைப் பற்றி உங்களுக்கே பாடம் தேவையா என்று நினைக்கலாம். ஆனால் நீங்கள் விட்டுச் சென்ற கல்முனை இன்று அப்படியே இல்லை. கடலோர வளவுகள் பல வெறுமையாகிவிட்டன. வயலோரங்களில் புதிய குடியிருப்புகள் எழுந்துள்ளன. சில குடும்பங்கள் பழைய வளவுக்குத் திரும்புகின்றன. சில குடும்பங்கள் முன்பின் அறியாத வீட்டுத்திட்டங்களுக்குப் போகின்றன. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பிறந்த பிள்ளைகளோ இந்த ஊரைக் கண்டதேயில்லை.

ஆகவே இந்தப் பாடத்தில் மூன்று விடயங்களை அறிந்துகொள்வோம்: நமது மாநகரம் எப்படி அமைந்திருக்கிறது, எந்த ஊருக்கு எந்த அலுவலகம், வீடு கட்டுமுன் எவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. கடலுக்கும் வயலுக்கும் நடுவே

கல்முனை அம்பாறை மாவட்டத்தின் கரையோர நகரம். மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. 1961ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்துடன் இருந்தது. அதனால்தான் வயதானவர்களின் பழைய பத்திரங்களில் மட்டக்களப்பு என்று எழுதப்பட்டிருக்கும். அந்தப் பத்திரங்களைப் பயனற்றவை என்று எண்ணி வீசிவிடாதீர்கள்.

கிழக்கே கடல். மேற்கே வயற்கண்டங்களும் களப்பும். இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலம். அதன் நடுவே மட்டக்களப்பையும் பொத்துவிலையும் இணைக்கும் பிரதான வீதி வடக்குத் தெற்காகச் செல்கிறது. நமது ஊர்கள் எல்லாம் இந்த வீதியைப் பிடித்துக்கொண்டு நீளவாக்கில் வளர்ந்தவை. நிலம் குறைவு, குடும்பங்கள் அதிகம். காணிப் பிரச்சினை இங்கே கடுமையாக இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

2. வடக்கிலிருந்து தெற்கே

மட்டக்களப்புப் பக்கமிருந்து வந்தால் முதலில் பெரியநீலாவணை. அதையடுத்து மருதமுனை. கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற இந்த ஊரின் சாரனும் சேலையும் நாடெங்கும் அறியப்பட்டவை. பின்னர் பாண்டிருப்பு. இங்குள்ள திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீமிதிப்பு விழா பிரசித்தமானது.

அடுத்தது கல்முனை நகரம். பஸ் நிலையம், சந்தை, வங்கிகள், ஆதார வைத்தியசாலை ஆகியவை இங்கே உள்ளன. நகருக்கு மேற்கே வயற்பக்கமாக நற்பிட்டிமுனையும் சேனைக்குடியிருப்பும் இருக்கின்றன. அதற்கப்பால் கிட்டங்கியைத் தாண்டினால் நாவிதன்வெளிப் பிரதேசம். மாரி காலத்தில் கிட்டங்கி வீதியை வெள்ளம் மூடும். அக்காலத்தில் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள்.

நகருக்குத் தெற்கே கல்முனைக்குடி. கடற்கரைப் பள்ளியும் அதன் கொடியேற்ற விழாவும் இந்த ஊரின் அடையாளங்கள். அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இப்பகுதியில்தான் உள்ளது. அதன் பின்னர் மீன்பிடிக்கும் வியாபாரத்துக்கும் பேர்போன சாய்ந்தமருது. அத்துடன் மாநகர எல்லை முடிகிறது. அடுத்து வரும் காரைதீவு, சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். அது தனிப் பிரதேச சபைக்கு உரியது.

முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி வருவதைக் கவனித்திருப்பீர்கள். சந்தையும் வைத்தியசாலையும் வீதியும் எல்லோருக்கும் பொதுவானவை. கடலும் ஊர் பார்த்து அடிக்கவில்லை.

3. உங்கள் ஊருக்கு எந்த அலுவலகம்?

குப்பை, வடிகான், தெருவிளக்கு, சோலைவரி, கட்டட அனுமதி ஆகியவற்றுக்குக் கல்முனை மாநகர சபைக்குச் செல்ல வேண்டும். மேலே சொன்ன ஊர்களில் காரைதீவையும் நாவிதன்வெளியையும் தவிர மற்ற எல்லாம் இதன் கீழ் வருகின்றன.

காணி, நிவாரணம், வதிவிடச் சான்று போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்தை நாட வேண்டும். மாநகர சபை ஒன்றாக இருந்தாலும் செயலகம் ஒன்றல்ல. சாய்ந்தமருதுக்குத் தனிப் பிரதேச செயலகம் உண்டு. கல்முனையில் பிரதேச செயலகமும், கல்முனை வடக்கு என்று அழைக்கப்படும் செயலகமும் இயங்குகின்றன. உங்கள் கோவை எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவே தீர்மானிக்கும். வேறு பிரிவிலுள்ள வீட்டுத்திட்டத்துக்கு மாறியவர்கள் புதிய கிராம உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். வாக்காளர் இடாப்பிலும் பெயரை மாற்ற வேண்டும். பழைய பதிவு ஓரிடத்திலும் குடியிருப்பு வேறிடத்திலும் இருந்தால் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது சிக்கல் வரும்.

கச்சேரி அம்பாறை நகரில் உள்ளது. அங்கும் உங்கள் கடிதத்தைத் தமிழில் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

4. வீடு கட்டுமுன்

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் இலங்கையிலேயே ஆகக்கூடிய உயிர்களை இழந்தது நமது மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். அதன் பின் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டுவது முதலில் தடை செய்யப்பட்டது. பின்னர் அந்த எல்லை தளர்த்தப்பட்டது. மருதமுனையிலுள்ள "65 மீற்றர் வீட்டுத்திட்டம்" என்ற பெயர் அந்தக் காலத்தின் நினைவு. சாய்ந்தமருது பொலிவேரியன் கிராமம், கல்முனை கிறீன் பீல்ட் ஆகியனவும் சுனாமிக்குப் பின் எழுந்த குடியிருப்புகளே.

உங்கள் பழைய வளவு கடலோரத்தில் இருந்தால், கல் வாங்குமுன் அனுமதியை விசாரியுங்கள். சட்டப்படி உயர் நீர்மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரையுள்ள நிலம் கரையோர வலயம். அங்கே கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. அனுமதி கிடைக்காவிட்டாலும் காணியின் உரித்து உங்களை விட்டுப் போவதில்லை. உறுதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வயற்பக்கம் மலிவாக விற்கப்படும் நிரப்பிய காணிகளிலும் கவனம் தேவை. கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதியின்றி வயலை நிரப்புவது சட்டவிரோதம். அப்படி நிரப்பிய காணியில் கட்டட அனுமதி பெறுவது கடினம். அத்துடன் மாரி வெள்ளம் வடிந்தோடும் இடமும் அதுவே.

5. வீடு யாருடைய பெயரில்?

நமது கரையோரத்தில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் பெண் பிள்ளைக்குச் சீதனமாக வீடு கொடுப்பது வழக்கம். அதனால் பழைய வீடுகள் பல உம்மாவின் பெயரில் அல்லது மனைவியின் பெயரில் இருந்தன. ஆனால் உதவிப் படிவங்களில் "குடும்பத் தலைவர்" என்ற இடத்தில் ஆணின் பெயரை எழுதியதால், புதிய வீடு பல இடங்களில் கணவரின் பெயருக்குப் போய்விட்டது. கையொப்பமிடுமுன் கணவனும் மனைவியும் சேர்ந்து படிவத்தை வாசியுங்கள். இழந்த வீடு யாருடையதோ, அவருடைய பெயர் புதிய பத்திரத்தில் வர வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது தவறல்ல.

குடும்பமாகச் செய்து பாருங்கள்

• ஒரு தாளில் கடல், பிரதான வீதி, வயல் மூன்றையும் வரைந்து உங்கள் வீட்டைக் குறியுங்கள்.

• வீட்டிலிருந்து மேற்கே பிரதான வீதிக்குச் செல்லும் ஆகக் கிட்டிய ஒழுங்கையைப் பிள்ளைகளுடன் நடந்து பாருங்கள். கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால் அல்லது நில நடுக்கத்தை உணர்ந்தால், அறிவித்தலுக்குக் காத்திராமல் அந்த வழியே போக வேண்டும். எங்கே சந்திப்பது என்பதையும் இன்றே பேசி வையுங்கள்.

• உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரையும் இலக்கத்தையும் இந்தக் கைநூலின் முதற்பக்கத்தில் எழுதுங்கள்.

• வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் பழைய அயலவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். உறுதி தொலைந்தவர்களுக்கு அயலவரின் சாட்சியம் பின்னர் உதவும்.