பாட்டி வீட்டுக்குப் போகவும் விசா வேணும்!

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஊருக்கு டிக்கெட் தேட ஆரம்பிச்சிட்டியாமே, கொஞ்சம் பொறு. இனி இந்தியாவுக்கு நீ வெளிநாட்டுக்காரி. பழைய இந்திய பாஸ்போர்ட்டில் இன்னும் வருஷம் பாக்கி இருக்கேன்னு அதைத் தூக்கிட்டுக் கிளம்பாதே. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததுமே இந்தியக் குடியுரிமை போயாச்சு. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைச்சு சரண்டர் சர்டிபிகேட் வாங்கி வை. நாளைக்கு ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) கார்டுக்குப் போனாலும் அதைத்தான் கேட்பாங்க.

ஓசிஐ வரும்வரை இ-டூரிஸ்ட் விசா போதும். சொந்தபந்தத்தைப் பார்க்கப் போறதும் அதில் அடக்கம். 30 நாள், 1 வருஷம், 5 வருஷம்னு மூணு வகை. 30 நாள் விசாவில்தான் நிறைய பேர் குழம்புறாங்க. அதில் போட்டிருக்கிற காலாவதித் தேதி ஊரை விட்டுக் கிளம்பவேண்டிய தேதி இல்லை, அதுக்குள்ள போய் இறங்கிடணும். 30 நாள் கணக்கு இறங்கின அன்னிக்குத்தான் ஆரம்பிக்கும். கல்யாணம், காதுகுத்துன்னு மாத்தி மாத்தி அழைப்பு வர்ற நம்ம குடும்பத்துக்கு 5 வருஷ விசாதான் லாபம்.

இப்போ ஃபார்ம். நம்ம ஆளுங்க வழுக்கி விழற இடம் பேர்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் வரியில் அப்பா பேர் முழுசா இருந்தா இங்கேயும் முழுசா போடு. வெறும் இனிஷியல்னா இனிஷியல். பழனியம்மாள்ங்கிற மாதிரி பேருக்கு அங்கே 'இசட் ஹெச்' இருந்தா இங்கே ஒற்றை 'எல்' போடாதே. பிறந்த ஊர் 'மெட்ராஸ்'னு அச்சாகியிருந்தா சென்னைன்னு திருத்தப் போகாதே. விமான டிக்கெட்டும் அதே எழுத்தில் இருக்கணும். முன்னாடி எந்த நாட்டுக் குடியுரிமைன்னு கேட்கிற இடத்தில் இந்தியான்னு தயங்காம எழுது.

போட்டோ சதுரமா, வெள்ளைப் பின்னணியில், கண்ணாடியைக் கழட்டிட்டு எடுத்தது. பாஸ்போர்ட் பக்கம் பிடிஎஃப்பா, 300 கேபிக்குள்ள இருக்கணும். போனில் ஸ்கேன் பண்ணினது பெரும்பாலும் அதைத் தாண்டும், சுருக்கிக்கோ.

விசா தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்'னு முடியுதான்னு பார்த்துட்டுப் பணம் கட்டு. அச்சு அசலா அதே மாதிரி இருக்கிற தனியார் தளங்கள் மேல கமிஷன் வச்சுப் பிடுங்கும். கட்டின பணம் விசா மறுத்தாலும் திரும்ப வராது. நிலவரம் 'கிராண்டட்'னு மாறினதும் ஒரு பிரதி எடுத்துப் பையில் வை. உன் பாஸ்போர்ட் புதுசு, பிரச்சினையில்லை. உன் மாமியார் பாஸ்போர்ட்டைப் பார். இறங்கும் நாளில் 6 மாசமாவது செல்லுபடி இருக்கணும், 2 பக்கம் காலியா இருக்கணும். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா.

இன்னொண்ணு, யாரும் சொல்லமாட்டாங்க. வெளிநாட்டுக்காரரைத் தங்கவைக்கிறவங்க 24 மணி நேரத்துக்குள்ள 'ஃபார்ம் 3' (முன்னாடி 'ஃபார்ம் சி') பதியணும். ஹோட்டல்னா அவங்களே பார்த்துப்பாங்க. பாட்டி வீட்டுக்கும் அதே சட்டம்தான். ஆன்லைனில் பதியச் சொல்லி மாமாகிட்ட இப்பவே சொல்லி வை. "எங்க வீட்டுப் பொண்ணுக்கு எதுக்குடி பதிவு?"ன்னு எகிறுவார், அத்தையை விட்டுப் பேசச் சொல்லு.