வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் இனி எதற்கு?

கேள்வி: அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டையே 2025-ல் மூடிவிட்டார்கள். இனி ஆக்ஸ்ஃபாம் போன்ற சர்வதேசத் தொண்டு நிறுவனங்களுக்கு வேலை இருக்குமா?

- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இருக்கும். ஆனால், பழைய வேலை அல்ல.

நாஜிப் பிடியில் பட்டினி கிடந்த கிரேக்கத்துக்கு உணவு அனுப்பச் சொல்லி, 1942-ல் இங்கிலாந்தில் தொடங்கியது ஆக்ஸ்ஃபாம். ‘இருப்பவர் இல்லாதவருக்கு அனுப்புவது’ என்ற அந்த வழிமுறை நெடுங்காலம் நீடித்தது.

வங்கதேசம் வேறு வழி காட்டியது. ஃபஸ்லே ஹசன் ஆபித் 1972-ல் அங்கே தொடங்கிய ‘பிராக்’ தொண்டு நிறுவனம், 1980-களில் ஊழியர்களை வீடுவீடாக அனுப்பியது. வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு உப்பும் வெல்லமும் கரைத்த நீரைத் தயாரிக்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்தது. யோசனையும் உழைப்பும் உள்ளூருடையவை. 2002-ல் அதே பிராக் ஆப்கானிஸ்தானுக்குப் போய் உதவியது.

இந்தப் பாடம் பெரிய நிறுவனங்களுக்குத் தெரியாததல்ல. நிவாரண நிதியில் 25 சதவீதத்தை 2020-க்குள் உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுப்பதாக 2016-ல் இஸ்தான்புல் மாநாட்டில் ஒப்புக்கொண்டார்கள். அந்த இலக்கை எட்டவில்லை. அதிகாரத்தைப் பங்கிட யாருக்கு மனம் வருகிறது?

போர்முனைக்கு மருந்து கொண்டுசெல்லவும், அரசுகள் மறைப்பதை உலகுக்குச் சொல்லவும் எல்லை கடந்த அமைப்புகள் தேவை. மற்றதை உள்ளூர்க்காரர்களிடம் விடுவதே நியாயம். நீங்கள் நன்கொடை தருபவரென்றால், அதில் எவ்வளவு உள்ளூர் அமைப்புக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.